சம்பந்தி வீட்டுக் கார்

மாமனார் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு, மாப்பிள்ளை "இல்லீங்க" என்று சொன்ன கதையைக் காரமடை வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. மனசுக்குள் ஆயிரம் இருக்கும். வாயில் "சரிங்க" என்பதுதான் வரும். எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதை கொஞ்சம் எச்சு என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். அதில் மாட்டிக்கொண்டு முழிக்கிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். திருமூர்த்தி தன் மாப்பிள்ளையின் காரை விலைக்குக் கேட்டதும் அப்படி வந்த வினைதான்.

பேத்தி ரித்திகாவுக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்து. கிடா விருந்து முடிந்து ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கிருபாசங்கரின் வெள்ளைக் கார் மதிலோரம் நின்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவனுடைய அம்மா தெய்வாத்தாள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

"ஒம்பது வருசமா இதையேதான் ஓட்டீட்டிருக்கறானுங்க அண்ணா. கை நெறையச் சம்பளம் வாங்கறவன், இதைத் தள்ளிப்போட்டு புதுசு ஒண்ணு எடுறான்னா கேட்டாத்தானுங்க."

திருமூர்த்தி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "அப்படீன்னா வெளியாளுக்குக் குடுத்துப்போடாதீங்க மாப்பிள்ளை. நானே எடுத்துக்கறேன். உங்க அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போக ஆகுமுல்லீங்க."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபாசங்கர் கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தான். "சரிங்க மாமா," என்றான். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

திருமூர்த்திக்குக் கார் ஆசையெல்லாம் கிடையாது. வாழையும் பாக்கும் போட்ட நாலு ஏக்கர் காடு, ஒரு மொபெட், இதற்கு மேல் அவர் எதையும் விரும்பியதில்லை. போன ஆடியில் மனைவி சாந்தாமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூர் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு மொபெட்டில் காரமடை, அங்கே மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்து டவுன். போகும்போதாவது பரவாயில்லை. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து வெளியே விடும்போது அவளைத் துணி பிழிகிற மாதிரி பிழிந்துபோட்டிருக்கும். அப்படியே நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஏறி வர வேண்டும். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தாள். பூ விற்கிற அம்மா ஒருத்தி மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். திருமூர்த்தி கையில் ஸ்கேன் பையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ஆக கார் வேண்டும். ஆனாலும் ஒன்பது வருஷம் ஓடிய வண்டி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, வழியில் நின்றுபோனால் உள்ளே இருக்கப்போவது நோயாளி. போத்தனூரில் ஷெட் வைத்திருக்கும் அப்துல் கையூம் திருமூர்த்திக்கு இருபது வருஷப் பழக்கம். திருமூர்த்தி முன்பு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாழைத்தார் ஏற்றிப்போக ஒரு வேன் வைத்திருந்தார். அது சாக நினைத்தபோதெல்லாம் சாகவிடாமல் காப்பாற்றியவர் கையூம் பாய். கார் பார்ப்பதில் அவர் வாக்கு சுத்தம். நல்லது என்றால் நல்லது, ஆகாது என்றால் ஆகாது.

சிக்கல் என்னவென்றால் சம்பந்தி வீட்டுக்கு மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடியாது. பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கு டாக்டரைக் கூட்டிப்போகிற மாதிரி அது. கடைசியில் திருமூர்த்தியே ஒரு வழி கண்டுபிடித்தார். "டவுன் நெரிசல்ல வண்டி ஓட்டி எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, ஓட்டீட்டு வர ஒரு டிரைவரக் கூட்டீட்டு வாரேன்னு சொல்லிப்போட்டனுங்க பாய். நீங்க டிரைவராட்ட வந்து, சத்தமில்லாமப் பாத்துப்போடுங்க."

கையூம் சிரித்தார். "இந்த வயசுல வேஷமுங்களா அண்ணா? சரி, அண்ணிக்காக வாரேன்."

ஐப்பசி கடைசி வியாழக்கிழமை. முந்தின நாள் இரவெல்லாம் மழை. காலை ஏழு மணிக்கு இருவரும் சரவணம்பட்டிக்குப் பக்கத்திலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிருபாசங்கர் தேய்த்த சட்டையோடு வாசலுக்கு வந்தான். பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், தரம் பார்க்கிற பிரிவு. அன்றைக்கு லீவு போட்டிருப்பதாகச் சொன்னான். கண் சிவந்து கிடந்தது.

"வாங்க மாமா. வாங்கண்ணா."

"கிலோமீட்டர் கொஞ்சம் எச்சா ஓடியிருக்குதுன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை?"

"ஆமாங்க மாமா. ரெண்டு லட்சத்து நாப்பத்தாறாயிரம் ஆயிருச்சு. கம்பெனி வேலையா சென்னை, திருச்சின்னு அலைச்சலுங்க."

தெய்வாத்தாள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "மொதல்ல சாப்பிட வாங்க அண்ணா. சந்தகை புழிஞ்சு வெச்சிருக்கறேன்."

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்து தின்னுக்கறமுங்க அம்மணி."

மகள் லோகப்பிரியா காபி கொண்டுவந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை மட்டும் பார்த்துக் கொடுத்தாள். "அம்மாவுக்கு எப்படி இருக்குதுங்கப்பா?" என்றாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். உடம்புக்கு ஏதாவது சரியில்லையோ என்று திருமூர்த்திக்கு ஒரு கவலை வந்தது.

வெளியே கையூம் கண்ணாடி துடைக்கிற சாக்கில் காரைச் சுற்றி வந்தார். பானெட்டின் மேல் கையை வைத்தார். குனிந்து அடித்தரையைப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதன்மேல் உள்ளங்கையைக் காட்டினார். நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். கிருபாசங்கர் வாசற்படியில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் தெருமுனை திரும்பும் வரை கையூம் பேசவில்லை.

"என்னங்க பாய், வாயே தொறக்க மாட்டீங்கறீங்க?"

"மொதல்ல எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுங்ணா. வண்டி பாக்க ஆளு வருதுன்னா சில பேரு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வெச்சிருவாங்க. குளுந்த எஞ்சின் எடுக்கத் திணறும், அது நம்ம கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு. ஏழு மணிக்கு பானெட்டத் தொட்டா சுடுதுங்க. ராத்திரி பூரா மழை. வண்டி நின்னிருந்தா அடியில தரை காஞ்சு கெடக்கோணும். அதுவும் நனைஞ்சு கெடந்துச்சு."

"மாப்பிள்ளை நம்மள ஏமாத்தறாருங்கறீங்களா?" திருமூர்த்தியின் குரல் ஏறியது.

"முழுசாக் கேளுங்க. எஞ்சின் ஒரு சொட்டுப் புகை தள்ளலை. ஆயில் மாத்திப் பத்து நாள்தான் இருக்கும். இத்தனை கிலோமீட்டர் ஓடுன வண்டியில கிளட்ச் இவ்வளவு நைசா நான் பாத்ததில்லை. ஓட்டறவரு கொழந்தையாட்டம் வெச்சிருக்காரு. ஏமாத்தறவன் வேல இது இல்லீங்க."

"அப்பறம் என்னங்க சந்தேகம்?"

கையூம் வேகத்தைக் குறைத்தார். "கம்பெனி சோலியா ஒத்தை ஆளு போயிட்டு வந்த வண்டின்னா டிரைவர் சீட்டு மட்டும்தான் தேஞ்சிருக்கோணும். இதுல பின்னாடி சீட்டு, இடது பக்கம், குழியா அமுங்கிக் கெடக்குது. அந்தப் பக்கத்துக் கதவு ரப்பர் ரெண்டு தடவை மாத்தியிருக்குது. உங்களுக்கு முன்னால இருக்கற பெட்டியத் தொறந்து பாருங்க."

திருமூர்த்தி திறந்தார். மடித்து அடுக்கிய பாலிதீன் கவர்கள், ஒரு பொட்டலம் புளிப்பு மிட்டாய்.

"மலை ஏறயில வாந்தி வர்றவங்களுக்குங்க அது. பிரேக்கப் பாத்தா, வாரம் ரெண்டு தடவை ஊட்டியில இருந்து எறங்குன பிரேக்காட்டத்தான் இருக்குது. நான் நெனைக்கறது தப்பாக்கூட இருக்கலாமுங்ணா. ஆனா..."

கையூம் முடிக்கவில்லை. ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் கேட்டருகே வேட்டி கட்டிய ஒரு பெரியவர் கையை ஆட்டிக்கொண்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டார். கையூம் பிரேக்கை மிதித்தார். பெரியவர் பின் கதவைத் திறந்து பாதி உட்கார்ந்தும்விட்டார்.

"சங்கர் தம்பி, இன்னைக்கு லீவுன்னீங்க, நல்லவேளை..." என்றவர், புது முகங்களைப் பார்த்துத் திகைத்தார். "ஏனுங்க, இது சங்கர் தம்பி வண்டிதானுங்களே?"

"ஆமாங்க. நீங்க?" என்றார் திருமூர்த்தி.

"நான் ஐயாசாமிங்க, இங்க மூணாவது மாடி. எங்களுக்கு ரெண்டு வருசமா சங்கர் தம்பிதானுங்க. ஆஸ்பத்திரி, கோயிலு, ஏர்போர்ட்டு எல்லாத்துக்கும். இன்னைக்கு வெடியால ஆறு மணிக்குக்கூட என்ற மகள ஏர்போர்ட்டுல எறக்கி உட்டுட்டு வந்தாரு. நீங்க வண்டிய வாங்கப் போறீங்களா?"

கையூம்தான், "சும்மா ஓட்டிப் பாக்கறமுங்க," என்றார்.

"வித்துப்போடறாரா? ஐயோ, எங்ககிட்டச் சொல்லவே இல்லையே." பெரியவர் கதவைப் பிடித்தபடியே பேசினார். "பாவமுங்க. கம்பெனியில ஆள் கொறைச்சப்ப வேலை போயிருச்சு. பொறவு இந்த வண்டியேதான் சோறு. பெத்த அம்மாகிட்டக்கூடச் சொல்லலையாம். ஆபீஸ் பையோட கெளம்பி வந்து எங்க பார்க்கிங்குல நிறுத்தி, சட்டைய மாத்தீட்டுப் போவாரு. வித்துப்போட்டு என்ன பண்ணப் போறாரு?"

பெரியவர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுக்குள் போனார்.

பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது. கையூம் ஓரமாக நிறுத்தி இரண்டு டீ சொன்னார். திருமூர்த்தி டீயைத் தொடவில்லை. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "இன்ஜினியருன்னு சொல்லித்தானுங்களே பொண்ணு குடுத்தேன். ரெண்டு வருசமா என்ற மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்காரு. லோகுவும் சேந்து..." என்று ஆரம்பித்தார். காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்ற மகளின் முகம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணா, சொந்த போர்டு வண்டி. வாடகைக்கு ஓட்டறதே தப்பு. ஆர்.டி.ஓ. கையில மாட்டுனா வண்டியே போயிரும். அந்தப் பயத்தோட ரெண்டு வருசம் ஓட்டியிருக்காரு. ஊட்டுல சொல்லியிருக்கலாமுல்ல, ஏன் சொல்லலை?"

ஏன் என்று திருமூர்த்திக்குத் தெரியும். லோகப்பிரியாவுக்கு வரன் பார்த்த காலத்தில் சொந்தத்திலேயே ஒரு பையன் கேட்டு வந்தான். டிராவல்ஸ் கார் ஓட்டுகிறவன், பெயர் மனோஜ்குமார். தங்கமான பையன். "ஸ்டேரிங்கு புடிக்கறவனுக்கெல்லாம் பொண்ணக் குடுக்கறதுக்கு நான் கெணத்துலயே தள்ளிப்போடுவேன்" என்று ஊர் நடுவில் நின்று சொன்னவர் இதே திருமூர்த்தி. சொன்ன சொல் கல்யாணத்துக்கு முன்பே கிருபாசங்கர் காதுக்கும் போயிருக்கும். எங்கள் ஊரில் சொல்லுக்குக் கால் முளைக்க அரை நாள் ஆகாது.

"நான் சொன்ன சொல்லுத்தானுங்க பாய்," என்றார். "பத்தாததுக்கு அத்தனை பேரு முன்னால வண்டியவே கேட்டுப்போட்டேன். மாமங் கேட்டு எப்படி இல்லைன்னு சொல்லுவாரு? சோத்துத் தட்டையே எடுத்துக் குடுத்துப்போட்டாருங்க."

காரை எடுத்தால் மகள் வீட்டில் அடுப்பு எரியாது. எடுக்காவிட்டால் சாந்தாமணி நாளைக்கும் பஸ்ஸில் போக வேண்டும். திருமூர்த்தி ஆடை படிந்த டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வண்டி செரியில்லைன்னு சொல்லிப்போடுங்க பாய். நீங்க சொன்னா நம்பீருவாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரியவே வேண்டாம். வண்டி அவருகிட்டயே இருக்கட்டும்."

கையூம் தலையை ஆட்டினார். "அது மட்டும் முடியாதுங்ணா. இத்தனை வருசத்துல கெட்ட வண்டிய நல்லதுன்னும் சொன்னதில்லை, நல்ல வண்டியக் கெட்டதுன்னும் சொன்னதில்லை. அதுவும் இந்த மாதிரி வெச்சிருக்கற வண்டியச் சொன்னா எனக்கு அடுக்காது. நீங்க என்ன வேணாலும் சொல்லிக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

திரும்பி வந்தபோது இலை போட்டுத் தயாராக இருந்தது. நூல்நூலாகப் பிழிந்த சந்தகை, தேங்காய்ப்பால், ஒரு தட்டில் கச்சாயம். கச்சாயம் விசேஷத்துக்குச் சுடுகிற பலகாரம்; வண்டி கைமாறுகிற நாள் என்று தெய்வாத்தாள் காலையிலேயே எழுந்து சுட்டிருக்கிறாள். திருமூர்த்தி கச்சாயத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவி வந்து, துண்டில் துடைத்து, இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, தப்பா நெனைக்கக் கூடாது. வண்டி எனக்குத் தோதுப்படாதாட்ட இருக்குதுங்க. எஞ்சின்ல புகை தள்ளுது. சத்தமும் ஒரு மாதிரி வருது."

இந்த இடத்தில் கிருபாசங்கர் "அப்படீங்களா மாமா, சரிங்க" என்று சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். வண்டி தப்பித்தது என்று மனசுக்குள் சாமிக்குக் கற்பூரம்கூட ஏற்றியிருக்கலாம். மனுஷ மனசு அப்படி ஓடுவதில்லை. அவன் முகம் சுருங்கிப்போனது.

"புகையா? இந்த வண்டியிலயா?"

"ஆமாங்க. லேசாத்தான்..."

"வாங்க மாமா. வந்து காட்டுங்க."

அவன் முன்னால் போய் பானெட்டைத் திறந்தான். எஞ்சினை ஓடவிட்டான். ஆயில் குச்சியை உருவி, வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்துக் காட்டினான். "பாருங்க, தேனாட்ட இருக்குது. அஞ்சாயிரத்துக்கு ஒருக்கா தவறாம மாத்தறேன். ஃபில்டர் பாருங்க. எங்கீங்க புகை? சத்தம் எங்க வருது, சொல்லுங்க." மாமனாரிடம் குரல் உயர்த்திப் பேசுவது அவனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

திருமூர்த்தி ஓடுகிற எஞ்சினைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க சொல்லுங்கண்ணா," என்று அவன் கையூம் பக்கம் திரும்பினான். "நீங்க டிரைவரில்லை, மெக்கானிக்குத்தானுங்க? காலையில உங்க கை வண்டியத் தொட்டதப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க சொல்லுங்க, புகை தள்ளுதுங்களா?"

கையூம் எதிர்வீட்டுத் தென்னையைப் பார்த்தார். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

வாசலில் தெய்வாத்தாள் நின்றிருந்தாள். "மெக்கானிக்கா?" என்றாள். "ஏனுங்க அண்ணா, டிரைவருன்னு சொல்லி மெக்கானிக்கையா கூட்டீட்டு வந்தீங்க? உங்க பொண்ண எடுக்கறப்ப நாங்க யாரையாச்சும் கூட்டீட்டு வந்து சோதிச்சமுங்களா?"

லோகப்பிரியா கதவுக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கிருபாசங்கர் பானெட்டை மூடினான். அந்தக் கோபத்திலும் ஓங்கி அடிக்காமல் மெதுவாக அழுத்தித்தான் மூடினான். "உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லீருங்க மாமா. வண்டியக் குத்தம் சொல்லாதீங்க."

திருமூர்த்தியும் கையூமும் பஸ் ஸ்டாப்பு வரை நடந்தார்கள். போத்தனூர் பஸ் முதலில் வந்தது. ஏறுவதற்கு முன் கையூம் சொன்னார். "அந்தப் பையன் வண்டிய விட்டுக்குடுத்துருவாருங்ணா. வண்டியக் குத்தம் சொன்னதத்தான் தாங்க முடியலை. நம்ம வேலை அப்படிங்க."

பொழுதோடு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாந்தாமணி சமையற்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு டயாலிசிஸ் என்றால் இன்றைக்குக் கால் வீங்கிவிடும். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். பக்கத்தில் அரை டம்ளர் தண்ணீரும், சக்கரத்துக்கு வைத்து நசுக்க வாங்கிவைத்த நாலு எலுமிச்சம்பழமும் இருந்தன. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் கார் வருகிறது என்று சொல்லியும் வைத்திருந்தாள். வெறுங்கையோடு வந்தவர் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கண்ணில் நீர் இறங்கியது. கேட்டு முடித்ததும் கோபம் வந்தது.

"அது செரி, வண்டி ஏனுங்க ஆகாதுன்னீங்க? நல்ல வண்டிதான், இப்ப எங்களுக்குத் தோதில்லைன்னு சொன்னா வாய் வெந்தா போயிருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா மாப்பிள்ளை தல குனிஞ்சுருவாருன்னுதான் சாந்தா..."

"இப்ப மட்டும் நிமுந்தா கெடக்குது? வேலையத்தான் பறிகுடுத்தாரு. கையில இருக்கற ஒரு வேலையச் சுத்தமாச் செஞ்சாரு. அதையும் செரியில்லைன்னுட்டு வந்திருக்கறீங்க."

திருமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்தார். மழை ஓட்டில் இறைத்துக்கொண்டிருந்தது. வாழைக்குக் கம்பு நட்டது பிடிக்குமோ சாயுமோ என்று வழக்கமாக எழுந்துபோய்ப் பார்க்கிறவர், அன்றைக்கு அந்த நினைப்பே இல்லாமல் இருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லோகப்பிரியா போன் செய்தாள். சாந்தாமணிதான் எடுத்தாள்.

"அம்மா, அப்பா ஏனுங்கம்மா இப்படிச் செஞ்சாரு? அத்தை மத்தியானத்துல இருந்து சோறே திங்கலை. அவரு சாவியக் கழட்டி மேசை மேல போட்டுட்டு அப்படியே உக்காந்திருக்காரு. மூணு போன் வந்துச்சு, எடுக்கலை. 'ஒரு வண்டியக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன்னு ஆயிருச்சு, இனி ஓட்டறதே இல்லை'ங்கறாரு..." சொல்லிக்கொண்டே வந்தவள் "ஓட்டறதே இல்லை" என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓட்டுவதைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாந் தெரியும் கண்ணு," என்றாள் சாந்தாமணி.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாக மாமியாரிடமும் அப்பாவிடமும் ஒரே பொய்யை மாறி மாறிச் சொன்னவள் அழுகிற அழுகை. சாந்தாமணி அது ஓய்கிற வரை பொறுத்திருந்தாள்.

"அழுவாத. மாப்பிள்ளைகிட்டக் குடு."

"பேச மாட்டேங்கறாருங்கம்மா."

"அத்தை கூப்பிடறேன்னு சொல்லு."

பிறகு கிருபாசங்கரின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "சொல்லுங்க அத்தை."

சாந்தாமணி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"மாப்பிள்ளை, நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கோணும். மத்தியானம் முடிஞ்சதும் திரும்பி வரோணும். உங்க வண்டிக்கு நாளைக்கு வேற பார்ட்டி இருக்குதுங்களா?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது, அங்கேயும் இங்கேயும். மாப்பிள்ளை போனை வைத்துவிட்டான் என்றே திருமூர்த்தி நினைத்தார்.

"இல்லீங்க அத்தை," என்றான் கடைசியில். "வாரனுங்க."

"வாடகை என்னங்க?"

"அத்தை... உங்ககிட்டப் போயி வாடகை வாங்குவனுங்களா? நம்ம வண்டிங்க அத்தை."

"வாங்கலைன்னா நான் பஸ்ஸுல போயிக்கறனுங்க. இனி செவ்வாயும் வெள்ளியும் உங்க வண்டிதான் எனக்கு. மத்தவங்ககிட்ட என்ன வாங்குவீங்களோ, அதைச் சொல்லுங்க."

அவன் மூச்சு இழுத்துவிடுவது கேட்டது. சொல்லும்போது குரல் மாறியிருந்தது. தினமும் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகிய குரல். "காரமடை வந்து ஏத்தி, வெயிட்டிங்கோட திருப்பிக் கொண்டாந்து விடறதுக்கு ரெண்டாயிரத்து நூறுங்க. வெடியால அஞ்சே முக்காலுக்கு கேட்டுகிட்ட நிப்பனுங்க."

"செரிங்க. வந்துருங்க."

"அத்தை..." என்று இழுத்தான். "வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க அத்தை."

"தெரியும் கண்ணு," என்றாள் சாந்தாமணி. மாப்பிள்ளையை எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு வாயில் அதுதான் வந்தது.

திருமூர்த்தி கட்டிலிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். காதில் வைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்து வந்தார். மாமனார் மாப்பிள்ளையிடம் அதைக் கேட்பதற்கு எங்கள் பேச்சில் ஒரு சொல் பழக்கத்தில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க மாமா."

"சாப்பிட்டுட்டு நேரத்துல படுங்க," என்றார் திருமூர்த்தி. "வெடியால எந்திரிச்சு வண்டி ஓட்டோணுமில்லீங்க."